செயற்கைக்கோள் தொடர்பு நிதி: மலையிலிருந்து விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளித் துறையில் இறங்கும் சிறு நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அரசு நிதி தருவது பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. எத்தனை கோடி என்பது தலைப்பிலேயே வந்துவிடுகிறது. அந்தப் பணம் யாருக்கு, எந்தக் கட்டத்தில், என்ன நிபந்தனையோடு கிடைக்கும் என்பதுதான் வருவதில்லை. ஊட்டி, கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் இந்த வேலையைச் செய்யத் தெரிந்த மின்னணுப் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. அவர்களுக்காகவும், அவர்களுடைய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிகளுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில், எதற்காக நிதி கேட்பது? விண்வெளி என்றாலே ராக்கெட், செயற்கைக்கோள் என்று மனம் போய்விடுகிறது. ஆனால் கருவிகள் தட்டுப்பாடாக இருப்பது தரையில்தான். மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையிலோ வத்தலகுண்டு-கொடைக்கானல் பாதையிலோ மண் சரிந்தால் சாலை மட்டும் போவதில்லை. சாலையோரமாக வரும் மின்கம்பமும் ஃபைபர் கேபிளும் சேர்ந்தே போகின்றன. செல்போன் கோபுரம் பேட்டரியிலும் டீசலிலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு அதுவும் படுத்துவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளும், 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவான 82 சென்டிமீட்டர் மழையும் யாருக்கும் மறந்திருக்காது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் திறக்கப்பட்டபோது, முதலில் அறிக்கை பெறத் தொடங்கிய மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. அந்த முன்னறிவிப்பு சரியாக இருக்க வேண்டுமானால், எந்தச் சரிவில் எவ்வளவு மழை, மண்ணுக்குள் எவ்வளவு நீரழுத்தம் என்ற தகவல் மழை கொட்டும் நேரத்திலேயே போய்ச் சேர வேண்டும். எனவே எங்கள் கருத்தில் மலையிலிருந்து போகிற விண்ணப்பம் ஒரே ஒரு பொருளைக் கேட்டால் போதும்: மின்சாரமும் செல்போன் கோபுரமும் இல்லாமல், செயற்கைக்கோள் வழியாகச் சிறு செய்தி மட்டும் அனுப்பும் உணரி முனையம்.

"கிராமத்துக்கெல்லாம் செயற்கைக்கோள் இணையம்" என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கணக்குதான் இடிக்கும். தட்டையான இணைய முனையம் ஒன்று 50 முதல் 100 வாட் வரை இழுக்கும். 75 வாட் என்று வைத்தாலும் நாளுக்கு 1.8 யூனிட். ஜூலை மாதத் தேவாலாவில் சூரியத் தகட்டை நம்பி அதை ஓட்ட முடியாது. செய்தி முனையத்தின் சராசரி நுகர்வை 0.25 வாட்டுக்குள் அடக்கலாம். அப்படியானால் நாளுக்கு 6 வாட்-மணி. 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தால் சுமார் 200 வாட்-மணி கிடைக்கும். சூரியனையே பார்க்காமல் ஒரு மாதம் ஓடும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இந்தக் கணக்கு.

அடுத்தது லிங்க் பட்ஜெட், அதாவது அனுப்பும் சிக்னல் வழியில் எவ்வளவு இழந்து, எவ்வளவு போய்ச் சேரும் என்ற கணக்கு. இது இல்லாத விண்ணப்பத்தைத் தொழில்நுட்பக் குழு புரட்டிக்கூடப் பார்க்காது. நீலகிரியும் பழனி மலையும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வடக்கே 10 முதல் 11.5 பாகைக்குள் இருப்பதால் நிலைச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. கிழக்கே 83 பாகையில் இருக்கும் செயற்கைக்கோளை ஊட்டியிலிருந்து பார்த்தால் ஏற்றக் கோணம் (தொடுவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம்) சுமார் 75 பாகை, கொடைக்கானலிலிருந்து 76. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஊருக்குக்கூட எதிர்மலை மறைக்காது. ஆங்காங்கே நகர்ந்துகொண்டே இருக்கும் தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களுக்கு நிலைமை வேறு. அவற்றுக்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். அவற்றில் பல 53 பாகைச் சாய்வில் சுற்றுபவை. ஐரோப்பா பக்கம் நெருக்கமாக இருக்கும், நம் அட்சரேகைக்கு மேலே இடைவெளி கூடும். இடுங்கிய பள்ளத்தாக்கில் இணைப்பு விட்டுவிட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த அலைவரிசை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் 12 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டருக்கு 2 முதல் 2.5 டெசிபல் வரை இழக்கும். கேயூ பட்டை இதுதான். 20 கிகாஹெர்ட்ஸில் அது 5 முதல் 6 டெசிபல், 30 கிகாஹெர்ட்ஸில் 10-ஐ ஒட்டி. 2024 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2 போன்ற, இந்த 20, 30 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய கேஏ பட்டைச் செயற்கைக்கோள்கள் ஏராளமான தரவைச் சுமக்கும் என்பது உண்மை. ஆனால் நிலச்சரிவுச் செய்தி போக வேண்டிய அந்த அரைமணி நேரத்தில்தான் அவை தடுமாறும். 2.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய எஸ் பட்டையை மழை தொடுவதே இல்லை என்று சொல்லலாம். மலைக்கு ஒரு சலுகையும் உண்டு, அதையும் எழுதுங்கள்: மழை உருவாகும் உயரம் நம் பகுதியில் சுமார் 5 கிலோமீட்டர். ஊட்டி 2.2 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், அலை மழைக்குள் கடக்கும் தூரம் 3 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் அது 5-ஐ நெருங்கும். சமவெளிக்குப் போட்ட மழைக் கணக்கை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தால், படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எஸ் பட்டைக்கு நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. 2015 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஜிசாட்-6 விண்ணில் 6 மீட்டர் விட்டமுள்ள விரியும் ஆன்டெனாவோடு செல்வதால், தரையில் கையடக்க முனையமே போதும். ஆமதாபாத்திலுள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய நபமித்ரா கருவி இப்படித்தான் மீன்பிடிப் படகிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து படகுக்கும் செய்தி கடத்துகிறது. கடலில் பயன்படுவதை மலைக்கு ஏற்ப மாற்றுவது நல்ல திட்டம். ஆனால் வெளிநாட்டு மோடத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, "உள்நாட்டுத் தொழில்நுட்பம்" என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். இதில் புதிதாகச் செய்ய வேண்டியது எது என்று நீங்கள் பிரித்துக் காட்ட வேண்டும்.

புதிதாகச் செய்ய வேண்டியது நிறையவே இருக்கிறது. ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறோம். ஒரு நிலையத்தின் செய்தி 32 பைட்டுக்குள் அடங்கும்: நிலைய எண், நேரம், மழைமானியின் எண்ணிக்கை, இரண்டு சாய்வு அளவு, நீரழுத்தம், பேட்டரி வோல்ட், சரிபார்ப்பு எண். சாதாரண நாளில் 15 நிமிடத்துக்கு ஒன்று, ஆக 96 செய்தி, 3 கிலோபைட். மழை வரம்பைத் தாண்டினால் 5 நிமிடத்துக்கு ஒன்று என்று நிரல் எழுதுவார்கள். இங்கேதான் சிக்கல். பெருமழை எல்லா நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் வருகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகின்றன, செய்திகள் வானில் மோதுகின்றன. நினைத்த நேரத்தில் அனுப்பும் அலோகா முறையில் தடத்தின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும். அதற்கு மேல் நெரிசல் ஏறினால், போய்ச் சேரும் செய்தி குறைந்துகொண்டே வரும். பரிசோதனைக் கூடத்தில் மூன்று பெட்டியை வைத்துப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான நாவிக்கின் கடிகாரத்தை வைத்து நேரத்துண்டு பிரித்தால் அந்த 18 சதவீதம் 36 ஆகும். நிலையத்துக்கு நிலையம் தள்ளிப்போடும் நேரத்தையும் ஆபத்தின் அளவுக்கேற்ப முன்னுரிமையையும் சேர்த்தால் இன்னும் நன்றாகும். ஆய்வுக் குழு காசு கொடுக்க விரும்புவது இப்படிப்பட்ட பகுதிக்குத்தான்.

ஆன்டெனாவிலும் வேலை இருக்கிறது. செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருப்பதால், அகலமான கற்றையுள்ள பேட்ச் (தட்டை வில்லை வடிவ) ஆன்டெனாவை வானம் பார்த்துப் படுக்க வைத்தாலே போதும், திசை திருப்பும் பொறி தேவையில்லை. ஆனால் தட்டையான மூடியில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், ஒத்திசைவு நகரும். மூடி கூம்பாகச் சரிந்திருக்க வேண்டும். மூடுபனி வந்தால் சிக்னல் போய்விடும் என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். பனித் திவலைகளால் ஏற்படும் இழப்பு மிகச் சிறியது. கேயூ, கேஏ டிஷ்களில் கெடுப்பது, ஃபீட் (டிஷ்ஷின் குவியத்தில் அலையை வாங்கும் பகுதி) வாயின் மெல்லிய தகட்டில் படியும் நீர்ப்படலம். மழை நின்றபிறகும் சிக்னல் திரும்பாமல் இருந்தால் அதைத்தான் துடைத்துப் பார்க்க வேண்டும். நனைந்த சீகை மரமும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எஸ் பட்டையைக்கூட நன்றாகவே உறிஞ்சும். மழைமானியின் புனலை அடைப்பதும் அதே கற்பூர இலைதான். பெட்டிகளைத் தரையில் வைத்தால் காட்டெருமை உரசும், கூடலூர்-மசினகுடி பக்கம் கம்பம் நட்டால் யானை சாய்க்கும். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, "தள இடர்கள்" என்ற பத்தியில் இதை எழுதாதவர் களத்துக்கு வரவில்லை என்று பொருள். அதே பத்தியில் உறைபனியையும் சேர்க்க வேண்டும். தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் ஜனவரி விடியலில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று வேண்டும்.

இனி பணம். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே திட்டம். தாளில் மட்டும் யோசனை இருக்கும் தனிநபருக்கு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் முன்மாதிரிக்கு 10 லட்சம் வரை தருகிறது. கல்லூரி ஆசிரியர்களுக்கு கல்வி நிறுவன ஆய்வுக்கு நிதி தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் பொருந்தும். திருச்சி என்ஐடியில் இஸ்ரோவின் விண்வெளித் தொழில்நுட்ப அடைகாப்பு மையம் இருப்பதையும் மாணவர்கள் மறக்க வேண்டாம். பதிவு செய்த தொடக்க நிறுவனத்துக்குத் தமிழ்நாடு அரசின் டான்சீட் 10 லட்சம் தரும். பெண்கள் தலைமையேற்கும் நிறுவனம், ஊரக வாழ்வாதாரம் போன்ற பிரிவுகளுக்கு 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கைக் கொடுக்க வேண்டும் என்பதைக் கூட்டாளிகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை, தொலைத்தொடர்புத் துறையின் தொலைத்தொடர்புத் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது, இப்போது டிஜிட்டல் பாரத் நிதியின் கீழ் இருக்கிறது. ஊரகத்துக்கான தொடர்புத் தொழில்நுட்பத்தை உருவாக்குவதே அதன் நோக்கம் என்பதால் மலைக்கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. நிறுவனம் தனியாகவோ கல்லூரியோடு சேர்ந்தோ விண்ணப்பிக்கலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 5 சதவீதமாகக் கட்டும் தொகையிலிருந்து வருகிற பணம் இது. சிறியூரிலும் வெள்ளகெவியிலும் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று பேசுகிறவர் செய்யும் ரீசார்ஜிலும் அதன் பங்கு இருக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதியும் ஊக்கமும் தரும் மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பின் விதை நிதி 1 கோடி வரை, அறிவிக்கப்படும் கருப்பொருளுக்கு மட்டும். அதன் தொழில்நுட்ப ஏற்பு நிதி 2025 பிப்ரவரியில் 500 கோடியோடு அறிவிக்கப்பட்டது. தொடக்க நிறுவனங்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் திட்டச் செலவில் 60 சதவீதம் வரை, உச்சவரம்பு 25 கோடி. இந்தத் தொகையைப் பார்த்து நேரே அங்கே ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அது ஏற்கனவே ஓடும் முன்மாதிரியைச் சந்தைப் பொருளாக்குவதற்கு. தவிர மீதி 40 சதவீதம் உங்களுடையது. வங்கிக்குப் போனால் பிணை கேட்பார்கள். கூடலூர், பந்தலூரில் ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் உரிமை முடிவாகாமல் சிக்கிய நிலத்துக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாத நிலத்தை வங்கி ஏற்காது. கோவைக்காரருக்கு வெறும் கையெழுத்தாக முடிவது இங்கே ஒரு முழுச் சுவர். அதனால் முழு மானியத் திட்டத்தில் முன்மாதிரியை முடித்துவிட்டு, பிறகு இந்தப் பக்கம் வருவதே நல்லது.

உரிமங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திட்டமே நின்றுவிடும். அலையை வெளியே விடும் சோதனைக்குத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசை உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவிடம் சோதனை உரிமம், வானொலிக் கருவிக்கு வகை ஒப்புதல், நிலையான ஆன்டெனா தளத்துக்கு சாக்ஃபா (அலைவரிசை ஒதுக்கீட்டு ஆலோசனைக் குழு) அனுமதி ஆகியவற்றை சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செயற்கைக்கோள் அலைவரிசைக்கு இன்-ஸ்பேஸ் அங்கீகாரம் தனி. தளம் வன நிலமாக இருந்தால் வனத்துறை. டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களும் வன நிலம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் சுற்றுக்குப் பள்ளிக் கூரை, ஊராட்சி அலுவலகக் கூரை, பட்டாத் தோட்டம் என்று தேர்ந்தெடுத்தால் பாதிப் பாடு குறையும்.

நீலகிரிக்காரர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் முனையம் அந்த அலைவரிசையில் பேசாது. ஆனால் மலிவான சூரிய மின் கட்டுப்பாட்டுக் கருவியின் சுவிட்சிங் இரைச்சல் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை சிதறும். சென்னையிலுள்ள மத்திய அரசின் சமீர் ஆய்வு மையத்தில் மின்காந்த இடையூறுச் சோதனை செய்து, அந்த அலைவரிசையின் அளவைத் தனியாகக் காட்டி, தொலைநோக்கி ஆய்வகத்தாரிடம் ஒரு கடிதமும் பெற்றுவிட்டால் பிறகு வம்பு வராது.

செலவுத் திட்டத்தில் தவறவிடுபவை எப்போதும் ஒரே வகை. உதிரிப் பொருள்களுக்கு ஜிஎஸ்டியும் சுங்கமும், செயற்கைக்கோள் நேரத்துக்கான கட்டணம், இடையூறுச் சோதனையில் முதல்முறை தோற்றால் மறுசோதனை, கூம்பு மூடிக்கான அச்சு, ஜீப் வாடகை. 10 நிலையம் வைக்கப் போகிறீர்கள் என்றால் 16 சுற்றுப்பலகைக்குக் கேளுங்கள்: 2 சோதனைக் கூடத்துக்கு, 2 மாற்றுக்கு, 2 எரிந்துபோவதற்கு. பாறை மண்ணில் நிலத்தொடர்பின் (எர்த்திங்) மின்தடை இறங்காது, இடி விழும் பருவத்தில் பலகை எரிவது உறுதி. ஒரு தலைப்பில் மிஞ்சிய பணத்தை இன்னொரு தலைப்புக்கு அனுமதியின்றி மாற்ற முடியாது என்பதால் இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

பணம் தவணையாக வரும். பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்து, இலக்கையும் முடித்தால்தான் அடுத்த தவணை. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், அதில் சேரும் வட்டி அரசுக்குத் திரும்பப் போக வேண்டியது. பட்டயக் கணக்காளரை ஆண்டு முடிவில் தேடாமல் முதல் மாதமே அமர்த்துங்கள். அதைவிட முக்கியம் பருவம். "6-ஆவது மாதம் களச்சோதனை" என்று எழுதிவிடுகிறார்கள். பணம் ஆகஸ்டில் வந்தால் 6-ஆவது மாதம் பிப்ரவரி, ஒரு சொட்டு மழை இருக்காது, இலக்கு முடிந்ததாகக் காட்ட முடியாது, தவணை நிற்கும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிக்கு ஜூன் முதல் செப்டம்பர்; குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர். இலக்குகளை "முதல் தென்மேற்குப் பருவம்", "முதல் வடகிழக்குப் பருவம்" என்று எழுதி, இரண்டு பக்கமும் தளம் வைத்தால் எப்போது பணம் வந்தாலும் ஒரு மழையாவது கிடைக்கும்.

கடைசியாக, அதிகாரிகளுக்கு. "இதை யார் வாங்குவார்கள்?" என்று ஆய்வுக் குழு கட்டாயம் கேட்கும். நீலகிரி, திண்டுக்கல் மாவட்டப் பேரிடர் மேலாண்மை அமைப்புகள், "இந்த வகை நிலையங்களைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம், தளமும் மழைப் பதிவும் தருகிறோம்" என்று ஒரு பக்கக் கடிதத்தைத் தகுதியுள்ள விண்ணப்பதாரர்களுக்குத் தர ஒரு முறை வகுக்க வேண்டும். இதில் அரசுக்குச் செலவு எதுவும் இல்லை. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்ட நிதியில் ஒரு சிறு பகுதியை, மேலே சொன்ன 40 சதவீதப் பங்குக்குப் பட்டா இல்லாத ஊர்க்காரர்களுக்காக ஒதுக்க முடியுமா என்றும் பரிசீலிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் 2025 விண்வெளித் தொழில் கொள்கையை நடைமுறைப்படுத்துவோர், சென்னையிலும் கோவையிலும் நடத்தும் விளக்கக் கூட்டங்களில் ஒன்றை ஊட்டியிலும் ஒன்றைக் கொடைக்கானலிலும் வைத்தால் நல்லது. தென்மேற்குப் பருவம் தொடங்குவதற்கு முன், ஏப்ரலில் வைத்தால் அந்த ஆண்டே தளம் பார்த்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
செயற்கைக்கோள் தொடர்பியல் பொறியாளர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.